பச்சை வாசனை போகும் வரை

நம் வயதுக்காரர்களின் வீடுகளில் யாராவது புத்தகம் பார்த்துச் சமைத்திருக்கிறார்களா? உங்கள் வீட்டில் இருந்திருக்கலாம். போடியில், எங்கள் தெருவில், நான் பார்த்ததில்லை. சமையல் என்பது அடுப்படியில் நின்று நின்று தானாக ஒட்டிக்கொள்வது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அதனால் எங்கள் சின்னம்மா கல்யாணமாகி வந்த அன்று, அவளுடைய டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியிலிருந்து மூன்று சமையல் புத்தகங்கள் வெளியே வந்தபோது, பெட்டி திறப்பதைப் பார்க்கக் கூடியிருந்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

சின்னம்மா என்றால் என் சித்தப்பாவின் மனைவி. தேவாரத்துப் பெண். எட்டாவது வரை படித்தவள். எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா, அம்மா, நான், சித்தப்பா எல்லாரும் ஒரே வீடு, ஒரே உலை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவாக மலைமேல், போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறை போகும் வழியில் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. காய் எடுக்கிற மாதங்களில் ஆண்கள் பாதி நாள் மேலே, பாதி நாள் கீழே. நான் சொல்லப்போவது அந்த ஒரு பருவத்தைப் பற்றித்தான். ஆனியில் சின்னம்மா வந்தாள். புரட்டாசி முடிவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. என்ன நடந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. இப்போதும் முழுக்கப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அந்த மூன்று புத்தகங்களையும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்று தடித்தது, அச்சுப் புத்தகம். காக்கி அட்டை போட்டு, முதுகில் சேலைக் கரைத் துணியை ஒட்டித் தைத்திருந்தாள். அவளுடைய அண்ணன் மதுரையிலிருந்து வாங்கி வந்தது. இன்னொன்று ஏதோ பிரஷர் குக்கரோடு இலவசமாக வந்த சின்னப் புத்தகம். எங்கள் வீட்டிலோ அவள் பிறந்த வீட்டிலோ அப்போது குக்கர் கிடையாது. அது எப்படி அவளிடம் வந்தது என்று தெரியாது. மூன்றாவது ஒரு நீளக் கணக்கு நோட்டு. வாரப் பத்திரிகைகளில் வந்த சமையல் குறிப்புகளைக் கத்தரித்து ஒட்டி, மீதி இடத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். கோந்துக்குப் பதில் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்ததால் அந்த நோட்டிலிருந்து ஒரு புளித்த வாடை வரும். அதை நான் ஒருநாள் சொன்னபோது சின்னம்மாவின் முகம் மாறியது. மறுநாள் நோட்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மாலையில் என்னிடம் நீட்டி, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

அச்சுப் புத்தகத்தில் ஒரு வாக்கியம் பக்கத்துக்குப் பக்கம் வரும். நீங்களும் எத்தனையோ முறை படித்திருப்பீர்கள். பச்சை வாசனை போகும் வரை வதக்கவும். அந்த வாக்கியம் வந்த இடத்திலெல்லாம் சின்னம்மா பென்சிலால் அடிக்கோடு போட்டு, பக்கத்தில் கேள்விக்குறியோடு எழுதியிருந்தாள்: எத்தனை நிமிஷம்? சில இடங்களில் அவளே கண்டுபிடித்த விடையும் இருந்தது. இஞ்சி பூண்டு, நாலு நிமிஷம், எண்ணெய் ஓரத்தில் தனியாக நிற்கும். வெங்காயம், பனங்கருப்பட்டி நிறம். மல்லி, சத்தம் அடங்கும். நான் அதையெல்லாம் பாடம் மாதிரி படித்துச் சிரித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு அலாரக் கடிகாரம் இருந்தது. அப்பா காலையில் மலைக்குப் போக வைத்திருந்தது. அது அடுப்படிக்குப் போய்விட்டது. சின்னம்மா சமைக்கும்போது ஒரு கண் புத்தகத்தில், ஒரு கண் கடிகாரத்தில், காது சட்டியில். ஒருமுறை சிலமலையிலிருந்து அத்தை வந்திருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள், வீட்டில் எது முடிவானாலும் அவள் வாயிலிருந்து வர வேண்டும். அவள் நிலைப்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பரீட்சை எழுதுகிறவள் மாதிரி இருக்கிறாளே என்றாள். அதில் கேலி இருந்ததா, வெறும் ஆச்சரியம்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் சாப்பாடு, அதை என்னவென்று சொல்வது. அம்மா நன்றாகத்தான் சமைப்பாள். மொச்சைக் குழம்பு, கருவாட்டுக் குழம்பு, பருப்பு, இதற்குள் சுற்றிச் சுற்றி வரும். சின்னம்மா வந்த பிறகு எலுமிச்சை ரசம் வந்தது. சேமியாவில் பிரியாணி வந்தது. பீட்ரூட்டை வேகவைத்துப் பிசைந்து கட்லெட் என்று ஒன்று வந்தது, அப்பா அதைப் பார்த்து முதலில் மருந்தா என்று கேட்டார், பிறகு ஐந்து தின்றார். கொஞ்சம் கொஞ்சமாக அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. காய் நறுக்கித் தருவது, பாத்திரம் ஒழிப்பது, மாட்டுக்குக் கழுநீர் வைப்பது என்று அவள் வேலை நகர்ந்து நகர்ந்து கொல்லைக்குப் போய்விட்டது. அப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, இத்தனை வருசம் நாக்கை என்ன செய்து வைத்திருந்தோம் என்றார். சிரித்தபடிதான் சொன்னார். அம்மா அப்போது எனக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மோர் தட்டைத் தாண்டித் தரையில் ஓடியது.

எனக்கு அந்தச் சாப்பாடு பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதே அம்மாவுக்குச் செய்கிற துரோகம் போலவும் இருந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாமல் சில நாட்கள் பசிக்கவில்லை என்று எழுந்துவிடுவேன்.

சின்னம்மாவுக்கு என்மேல் தனிப் பிரியம் உண்டு. அதற்கு ஒரு காரணம் இருந்தது, பிறகுதான் தெரிந்தது. எது செய்தாலும் என்னைக் கூப்பிடுவாள். நான் பெரிய அதிகாரி, அவள் மனுக் கொடுப்பவள். பால் பாத்திரத்தை மூக்கருகே கொண்டுவந்து, "தாசில்தாரம்மா, இது செல்லுமா செல்லாதா?" என்பாள். நான் முகர்ந்து பார்த்து, செல்லும் என்று தலையாட்டுவேன். வதக்குகிற மசாலாவைக் காட்டிப் பச்சை வாசனை போயிருச்சா என்பாள். நான் இல்லை என்றால் இன்னும் கிளறுவாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், பிறகு நோட்டில் எழுதிக்கொள்வாள். இது எங்கள் விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

இன்னும் சில விஷயங்கள் அந்த வயதில் எனக்குக் குழப்பமாக இருந்தன. சித்தப்பா ஒரு சாயங்காலம் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து, என்ன வாங்கிட்டு வந்திருக்கேன் சொல்லு என்றார். வாசலில் நின்ற எனக்கே மல்லிகைப்பூ என்று தெரிந்துவிட்டது. சின்னம்மா கொஞ்சம் யோசித்து, அல்வா என்றாள். சித்தப்பாவின் முகம் விழுந்துவிட்டது. இவளுக்குப் பூ பிடிக்கவில்லை, அல்வாதான் வேண்டியிருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் அல்வா வாங்கி வந்தார். அவள் அன்றைக்குப் பார்த்து, பூவா என்று கேட்டாள். இரண்டு நாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஒருமுறை நானும் அவளும் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தெருக் கிடங்கில் ஏலக்காய் மூட்டை பிரித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அந்த வாசம் காற்றோடு வந்து துணியில் எல்லாம் ஏறியது. நான் அதைச் சொன்னேன். அவள் ஈரச் சேலையைப் பிடித்தபடி என்னைப் பார்த்து, "ஏலக்கா வாசம் எப்பிடிடி இருக்கும்?" என்றாள். போடியில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வியா அது? ஏலக்காய் மாதிரி இருக்கும் என்றேன். அது சரிதான் என்று சொல்லிவிட்டுச் சேலையை உதறினாள்.

புரட்டாசியில் காலாண்டு லீவு விட்டதும் எல்லாரும் மலைக்குப் போனோம். ஆயுத பூஜையன்று தோட்டத்தில் காய் எடுக்க வருகிறவர்கள் எல்லாருக்கும் நாங்கள் சாப்பாடு போடுவது வழக்கம். முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். சிலமலை அத்தையும் வந்திருந்தாள். பூஜை, பச்சைக் காயை உலர்த்துகிற கட்டடத்தில்தான் நடக்கும். அதை ஸ்டோர் என்போம். கீழே விறகு எரியும், தகரக் குழாய் வழியாகச் சூடு உள்ளே போகும், கம்பிவலைத் தட்டுகளில் காய் காயும். வெளியே மூடுபனியும் தூறலும். உள்ளே மட்டும் கதகதப்பு. குழந்தைகள் அங்கேதான் கிடப்போம். அந்த அறையில் ஐந்து நிமிடம் இருந்தால் மூக்குக்குள் ஏலக்காய் போய் உட்கார்ந்துகொள்ளும், வேறு எதுவும் நுழையாது.

அரிசி, பருப்பு, காய்கறி, விளக்குக்குச் சீமெண்ணெய் எல்லாம் முந்தின நாளே போடியிலிருந்து ஒரே ஜீப்பில் லோடாக வந்தன. மெட்டு வளைவுகளில் ஜீப்பு ஆடிய ஆட்டத்தில் சீமெண்ணெய் டின்னின் மூடி கழன்று, கொஞ்சம் ஒழுகி, துவரம்பருப்பு மூட்டையின் அடிப்பக்கம் இறங்கியிருக்கிறது. இறக்கியவர்கள் மழை நனைத்திருக்கிறது என்று நினைத்தார்கள். மலைவீட்டு அடுக்களையில் விளக்கு, ஸ்டவ் என்று எப்போதுமே சீமெண்ணெய் வாடை இருக்கும், அதனால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

சின்னம்மா கவனித்தாள். அதை நான் சொல்லியே ஆக வேண்டும். மூட்டையில் ஒரு கறை இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டாள். காலையில் உலை வைப்பதற்கு முன், ஒரு கை பருப்பை அள்ளிக்கொண்டு, தூறலில் முற்றத்தைத் தாண்டி ஸ்டோருக்கு வந்தாள். நான் தட்டுகளுக்கு ஓரமாகச் சாக்கு விரித்துப் படுத்திருந்தேன். அம்மா அந்தப் பக்கம் அரிவாள்களைக் கழுவிச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தாசில்தாரம்மா, இதக் கொஞ்சம் பாரு" என்று உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

நான் எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் கொஞ்சம் தூக்கினேன். நல்லாத்தான் இருக்கு என்றேன்.

முகர்ந்தேனா? ஐம்பது வருடமாக இதைத்தான் யோசிக்கிறேன். சோம்பலில் முகராமலே சொன்னேனா? முந்தின நாள் அம்மா விறகுக் கொட்டகைக்குள் தனியாக உட்கார்ந்து முந்தானையால் மூக்கைச் சிந்தியதைப் பார்த்தேனே, அந்தக் கோபத்தில், இவள் எப்படியோ போகட்டும் என்று சொன்னேனா? இல்லை, உண்மையிலேயே முகர்ந்து, ஏலக்காய் வாசத்தில் எதுவும் தெரியாமல் போயிற்றா? மூன்றில் எது என்று என்னால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் என் சொல்லை நம்பி, சரி என்று திரும்பிப் போனது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. கையிலிருந்த பருப்பு நனையாமல் இருக்க இன்னொரு கையால் மூடிக்கொண்டு போனாள்.

மதியம் பந்தி போட்டார்கள். வாழை இலையில் சோறு விழுந்து, சாம்பார் விழுந்தது. முதல் வாய் எடுத்தவர் கங்காணி, வயதானவர். மரியாதைக்காக விழுங்கிவிட்டார் போலிருக்கிறது. அடுத்த வாய் எடுக்கவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் பெண்கள் வரிசையில் ஒருத்தி துப்பினாள். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. தூறலில் வரிசையாக நின்று வாயைக் கொப்பளித்தார்கள். பூஜை நாளில் முப்பது பேர் சாப்பிடாமல் இலையை விட்டு எழுந்தது எங்கள் வீட்டு வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

அத்தைதான் தொடங்கினாள். இவள் நேற்றே முப்பது பேருக்குத் தனியாக எப்படிச் சமைப்பது என்று முனகினாள், என் காதாலேயே கேட்டேன், வேண்டுமென்றே செய்திருக்கிறாள் என்றாள். சித்தப்பா அவளைப் பார்க்காமல் இலைகளை மடிக்கத் தொடங்கினார். சின்னம்மா சாம்பார் வாளியோடு நடுவில் நின்றாள். ஒரு கரண்டி எடுத்துத் தானே வாயில் ஊற்றிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதைப் பார்த்தவர்களுக்கு இன்னும் கோபம் வந்தது.

அப்பா கோபப்படாத மனிதர். நிதானமாகத்தான் கேட்டார். "சீமெண்ணெ வாடை இங்க வரைக்கும் அடிக்குது. உனக்குத் தெரியலையாம்மா?"

சின்னம்மா என்னைப் பார்க்கவில்லை. நான் தூணுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை, பாப்பாவிடம் காட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் என் அம்மாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள், ஆண்கள் முன்னால் எப்போதுமே பேசாத என் அம்மா பேசினாள்.

"தெரியாம எப்பிடி இருக்கும்? தெரிஞ்சேதான் போட்டுருக்கா."

எல்லாரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். சின்னம்மா வாளியைக் கீழே வைத்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, ஆமா என்றாள்.

அவ்வளவுதான். வேண்டுமென்றே செய்தேன் என்று அவள் வாயாலேயே ஒத்துக்கொண்ட பிறகு விசாரிக்க என்ன இருக்கிறது? மறுநாள் அதே ஜீப்பில் அப்பா அவளைத் தேவாரத்தில் கொண்டுபோய் விட்டார். வழியில் போடி வீட்டிலிருந்து டிரங்குப் பெட்டியும் ஏறிப் போயிற்று. அதற்குள் அச்சுப் புத்தகமும் கணக்கு நோட்டும். குக்கர் புத்தகத்தை மட்டும் அவசரத்தில் விட்டுவிட்டாள். அது மலைவீட்டு அடுக்களை மாடத்தில் கிடந்து, ஐப்பசி மழையில் ஒழுகிய தண்ணீரில் ஊறி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அட்டைபோல் ஆகிவிட்டது. நான் பிரிக்கப் பார்த்தேன், கிழிந்தது.

எனக்கு அப்போது இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று என்னைப் பற்றியது. இன்னொன்று அம்மாவைப் பற்றியது. அடுப்படியைத் திரும்பப் பிடிப்பதற்காக அம்மா அப்படிப் பேசினாள் என்று பதினொரு வயதிலேயே முடிவு கட்டிவிட்டேன். மறுநாளிலிருந்து மொச்சைக் குழம்பு வந்தது. நான் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டேன். அம்மாவை அதற்குப் பிறகு நான் முழுதாக நம்பியதில்லை. பெரிய வார்த்தைதான், ஆனால் அதுதான் உண்மை.

தை மாதம் சித்தப்பாவே தேவாரம் போய்ச் சின்னம்மாவைக் கூட்டி வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் அடுப்பைத் தொடக்கூடாது என்பது மட்டும் அத்தையின் கட்டளை. பெட்டியில் சேலைகள் மட்டும் இருந்தன. புத்தகங்கள் எங்கே என்று நான் ரகசியமாகக் கேட்டேன். அங்கேயே இருக்கட்டும் என்றாள். பல வருடம் கழித்து அந்தத் தேவாரம் வீடு கைமாறியபோது அவையும் எங்கோ போய்விட்டன. அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். எங்கள் வீடு பாகம் பிரியவே இல்லை. கடைசி வரை அம்மாதான் சமைத்தாள். சின்னம்மா காய் பொறுக்குவாள், மாட்டைப் பார்ப்பாள், எல்லாருடைய பாத்திரத்தையும் கழுவுவாள். என்னிடம் எதற்கும் கோபப்பட்டதில்லை. தாசில்தாரம்மா என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள். நான் கல்யாணமாகி மதுரைக்கு வந்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவள் செத்துப்போனாள். அன்றும் நான் எதுவும் சொல்லவில்லை. யாரிடம் போய் என்ன சொல்வது?

பிறகு அந்தக் கொரோனா காய்ச்சல் வந்தது. நம்மில் பலருக்கும் வந்துபோயிருக்கும். எனக்குக் காய்ச்சல் நான்கு நாளில் விட்டுவிட்டது. மூக்கு திரும்பவில்லை. சோப்பும் சாம்பிராணியும் ஒன்றுதான். நாக்கில் உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, காரம் தெரிகிறது, ஆனால் அது என்ன குழம்பு என்று தெரியவில்லை. மூன்று மாதம் அப்படி இருந்தேன். அந்த நாட்களில் ஒரு மத்தியானம் இஞ்சி பூண்டு விழுதை வதக்கிக்கொண்டு நின்றேன். எத்தனையோ ஆயிரம் தடவை செய்த வேலை. எப்போது இறக்குவது என்று தெரியவில்லை. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, கொஞ்சம் வந்து பச்சை வாசனை போயிருச்சான்னு பாருங்க என்றேன்.

சொன்ன வாயோடு கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் வந்து என்னைப் பார்த்துவிட்டு, முதலில் அடுப்பை அணைத்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். நோட்டில் இருந்த நிமிஷக் கணக்கு, அலாரக் கடிகாரம், மல்லிகையை அல்வா என்றது, ஈரச் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாளே ஒரு கேள்வி, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அவளுக்கு வாசமே தெரியாது. அந்தப் புத்தகங்களை அவள் பெருமைக்கு வைத்திருக்கவில்லை. அவளுக்கு மூக்கு அவைதான். மீதி மூக்கு நான்.

பஸ் ஓடத் தொடங்கியதும் போடிக்குப் போனேன். அம்மாவுக்கு இப்போது எண்பத்தைந்து. சின்னம்மா மகனும் அவன் மனைவியும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி தெளிவு. கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். சின்னம்மாவுக்கு மூக்கு வேலை செய்யாது என்பது உனக்குத் தெரியுமா?

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் வந்த முதல் மாதமே தன்னிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். பன்னிரண்டு வயதில் விஷக்காய்ச்சல் வந்து மூக்கு போய்விட்டது, கல்யாணத்துக்கு முன் அதை யாரிடமும் சொல்லவில்லை, அக்கா யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று காலைப் பிடித்தாளாம்.

அப்படித் தெரிந்திருந்துமா தெரிஞ்சேதான் போட்டாள் என்று சொன்னாய் என்று கேட்டேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். அம்மா ஆய்ந்த கீரையை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அவ அப்ப உண்மையச் சொல்ல வாயெடுத்தா. நான்தான் முந்திக்கிட்டேன். வேணும்னு செஞ்சான்னா ரெண்டு மாசம் பேச மாட்டாக, அப்புறம் பேசிருவாக. மூக்குச் செத்தவன்னு தெரிஞ்சா? மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாகன்னு உன் அத்தை உன் சித்தப்பனுக்கு வேற பொண்ணு பாத்துருப்பா. கோவம் ஆறும். கொறை ஆறாது."

அம்மா அடுத்த கட்டுக் கீரையை எடுத்தபடி மறுபடி பேசினாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

"நல்லதுக்குத்தான் சொன்னேன்னு நானும் நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா மறுநா அடுப்பப் பத்த வச்சப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அதையும் யார்கிட்டயாவது சொல்லணும்ல."

அந்தச் சந்தோஷம் மறுநாள்தான் வந்ததா, சொல்கிறபோதே உள்ளே இருந்ததா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் என்ன பதில் வந்தாலும் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது. அதற்குப் பதில் என் கதையைச் சொன்னேன். உள்ளங்கையில் பருப்பை நீட்டியது, நான் நல்லாத்தான் இருக்கு என்றது, முகர்ந்தேனா என்று தெரியாதது. அறுபது வயதைத் தாண்டியவள், பதினொரு வயதுக்காரி மாதிரி முந்தானையைத் திருகிக்கொண்டு சொன்னேன்.

அதுவும் தெரியும் என்றாள் அம்மா. அன்றைக்குச் சாயங்காலமே சின்னம்மா அவளிடம் சொல்லியிருக்கிறாள். பிள்ளையைக் கேட்க வேண்டாம் அக்கா, அது சின்னது, வாழ்நாள் முழுக்க மனசுல வச்சுக்கிட்டே இருக்கும் என்றாளாம். நீயும் மனசுல வைக்கலைன்னுதான் நெனச்சேன் என்று அம்மா சொன்னாள். ஆக, என்னைக் காப்பாற்ற ஒருத்தி பேசாமல் இருந்தாள். அவளைக் காப்பாற்ற ஒருத்தி பொய் சொன்னாள். நடுவில் நான் இரண்டு பேரையும் தப்பாகவே நினைத்துக்கொண்டு இத்தனை வருடத்தை ஓட்டியிருக்கிறேன்.

மத்தியானம் சின்னம்மாவின் மகன் வயலிலிருந்து சாப்பிட வந்தான். அவனுக்கும் ஐம்பது நெருங்குகிறது. தலை நரைத்துவிட்டது. அவன் தட்டு முன்னால் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பருப்பு விஷயம் உட்பட. அவன் மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள். அவன் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்கம்மாவுக்குச் சமைக்கத் தெரியாதுன்னுதான்க்கா நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றான். பள்ளிக்கூடத்தில் மற்ற பையன்கள் எங்க அம்மா அது செய்யும் இது செய்யும் என்று சொல்லும்போது, தனக்குச் சொல்ல எதுவும் இருந்ததில்லை என்றான். அவள் கையால் ஒரு வாய்கூட அவன் சாப்பிட்டதில்லை. பெரியம்மா சமையல்தான் அவனுக்குச் சமையல்.

நன்றாகச் சமைப்பாள், அந்த நாலு மாதம் நாங்கள் சாப்பிட்ட மாதிரி எந்த வீட்டிலும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்றேன்.

அவன் சோற்றைப் பிசைந்தான். பிறகு நிமிர்ந்து, என்னென்ன செய்வாங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க என்றான். நான் நினைவுபடுத்திச் சொல்ல வாயெடுத்தேன். கட்டிலிலிருந்து அம்மா முந்திக்கொண்டாள்.

"மொதல்ல செஞ்சது பட்டாணிக் குருமாடா. ஆனி மாசம் கடசி வெள்ளிக்கெழம. நான் யாருக்கும் தெரியாம மூணு தடவ ஊத்திக்கிட்டேன்."